ரெக்சின் பூட்ஸ்

அந்த அக்கா பொய் சொல்லுவாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் எழுத வேண்டும். நல்லவள், உதவி செய்பவள் என்றெல்லாம் ஆரம்பித்தால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பேரை எழுத மாட்டேன். எழுதினால் "அது நான் இல்லவே இல்லை" என்று அதற்கும் ஒரு பொய் சொல்லுவாள்.

ராஜபாளையத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. பேண்டேஜ் துணி சுற்றுகிற கம்பெனியில் வேலை. வியாழக்கிழமை லீவு. என் மகனுக்கு மாவுக்கட்டு மாற்றுகிற நாளும் வியாழக்கிழமை. அப்படித்தான் எங்களோடு ஒட்டிக்கொண்டாள். அப்போது எண்பதுகளின் கடைசி.

என் மகன் பிறந்தபோது ரெண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. உள்ளங்கால் ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எலும்பு டாக்டர் இருந்தார். அவர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிஞ்சு எலும்பு, சொன்னபடி கேக்கும். நீங்க கேப்பீங்களா?" என்றார். மொத்த வைத்தியமும் அந்த ஒரு கேள்விதான். காலைக் கொஞ்சம் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார். அடுத்த வாரம் அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடியும் போடுவார். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் வெள்ளைக் கட்டு. கால் விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். இடையில் விட்டால் பாதம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

கட்டைத் தாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸைத்தான் தாங்க முடியாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அப்படியொன்றும் தூரம் இல்லை. ஆனால் இறங்குவதற்குள் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் என் பிள்ளையின் கதை தெரிந்தாக வேண்டும். கேட்டுவிட்டு 'ச்சு' கொட்டுவார்கள். அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. அதோடு விட்டால் பரவாயில்லை. அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, அரிவாள்மணையைத் தொட்டாயா?

கிரகணத்தன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், மல்லாந்து கிடந்தேன். எல்லாரும் சொன்னபடி கேட்டேன். அப்படியும் கால் மடங்கித்தான் பிறந்தான். அந்த எரிச்சல் எனக்கு வேறு.

முதல் வியாழக்கிழமை கேட்ட பொம்பளையை நான் விடவில்லை. "ஒன் வீட்டுல எத்தனை பேரு கிரகணத்துல வெளிய வந்தாங்க, ஒனக்கு வாயி இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு?" என்றேன். அவளும் விடவில்லை. கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்திவிட்டார். அக்கா என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, நீ இனிமே வாயத் தொறக்காத. கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அடுத்த வாரத்திலிருந்து அவள்தான் பதில் சொன்னாள்.

"என்னம்மா, பச்சப்பிள்ளைக்கு ரெண்டு காலும் மாவுக்கட்டு?"

"மச்சுல இருந்து குதிச்சிட்டான்."

"ரெண்டு மாசப் பிள்ளையா?"

"ஆமா. பொறந்ததுல இருந்தே அவசரக்காரன்."

முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. அதுதான் அவளுடைய திறமை. இன்னொரு வாரம், கட்டின் கனத்துக்குக் கால் இழுத்துக்கொண்டு நீளமாக வளரும் என்றாள்.

"அவங்கப்பாவுக்கு இவனப் போலீசுல சேக்கணும்னு ஆச. ஒசரம் வேணும்ல?"

கேட்டவள் உடனே எழுந்து எங்கள் சீட்டுக்கே வந்துவிட்டாள். "எந்த டாக்டரு? எங்க அக்கா மகனும் குள்ளமாத்தான் இருக்கான்."

"அய்யோ, அவரு குள்ளமா இருக்கவங்களுக்குப் பாக்க மாட்டாரும்மா. ஒசரமாப் பொறந்தவங்களுக்கு மட்டும்தான்."

தோள்பையோடு நின்றிருந்த ஒரு ஆள் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன?" என்று கேட்டான். பிள்ளையின் காலை ஏதோ பானை மாதிரி தட்டினான். எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா குனிந்து மெதுவாக, "தங்கம். சத்தமாக் கேக்காதீங்க. பின்னால மப்டியில வாராங்க" என்றாள். அந்த ஆள் முன்பக்கப் படிக்கட்டில் போய் நின்றுகொண்டான். இறங்கும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கிரகணக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

"இவ வெளிய வரல. இவ மாமனாருதான் வந்தாரு."

"மாமனாரு வந்தா பிள்ளைக்கு ஏன் கால் கோணுது?"

"அதத்தான் டாக்டரும் கேக்காரு."

பிள்ளை பிறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த பஸ்ஸில்தான்.

தெருவிலும் அப்படித்தான். கம்பெனிக்கு லீவு வேண்டுமென்றால் மாமியார் செத்துவிட்டதாகச் சொல்லுவாள். அந்தக் கிழவி கம்பெனிக் கணக்கில் பல தடவை செத்திருந்தாள். ஒருநாள் கிழவியே தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் வந்து நின்றாள். "யாரு இது?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "மாமியாரோட தங்கச்சி சார். ஒரே சாட" என்று சொல்லி, சோற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புருஷனிடம், குழம்பில் உப்பு கூடிப்போனால் "இன்னைக்குத் தண்ணியே உப்பா வருது" என்பாள். அந்த மனுஷனும் குடிநீர்க் குழாயைப் போய்த் திட்டிவிட்டு வந்து சாப்பிடுவார்.

ஆனால் ஒரு ஆளிடம் மட்டும் அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் கட்டுக்குள் அரிப்பெடுத்துப் பிள்ளை கத்திக்கொண்டே இருந்தான். என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். வாய் திறக்காத மனுஷன். பிள்ளை அழுவதைப் பார்க்கமாட்டாமல், யாரிடமும் சொல்லாமல், துணியை நனைத்து நனைத்துக் கட்டின் மேல் சுற்றிவிட்டிருக்கிறார். குளுகுளுவென்று இருக்குமாம். வியாழக்கிழமை அவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். டாக்டர் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி பட்டுச்சா?" என்று கேட்டார். இவர் பயந்துபோய், "இல்ல சார்" என்றார்.

"பட்டுச்சு டாக்டர்" என்றாள் அக்கா. "இந்த மனுசன் ஈரத்துணியச் சுத்தி விட்டுருக்காரு. முந்தாநாள்ல இருந்து நடக்கு. உள்ள புண்ணு கிண்ணு இருக்கும், பாருங்க."

பிரித்துப் பார்த்தால் குதிகாலுக்கு மேல் தோல் வெந்துபோய்க் கிடந்தது. அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால் சீழ் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். நான் அவளிடமே கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் பொய் சொல்லுதிய. இவரு ஒரு பொய் சொன்னா மட்டும் காட்டிக் குடுக்கிய?"

"பஸ்ல கேக்கவ கட்டா போடப் போறா? அவரு கட்டுப் போடுதவருல்ல. அவருகிட்டப் பொய் சொன்னா பிள்ளை கால்ல போயில்ல விடியும்?"

கட்டுகள் முடிந்தன. குதிகால் நரம்பில் சின்னதாக ஒரு வெட்டு, அதற்கு மேல் ஒரு கட்டு. அதையும் பிரித்த அன்று பாதம் ரெண்டும் நேராக இருந்தன. நான் அழுதேன். டாக்டர், "இனிமேதான் வேலை இருக்கு" என்றார். மதுரையில் அளவு கொடுத்துப் பூட்ஸ் தைத்து வாங்கச் சொன்னார். காபிக்கொட்டை நிறத்தில் தோல் பூட்ஸ். ரெண்டையும் ஒரு இரும்புப் பட்டை சேர்த்திருக்கும். தூங்கும்போதெல்லாம் அதைப் போட்டுவிட வேண்டும். காலை விரித்தபடியேதான் தூங்க முடியும். "பாதம் பழசை மறக்காது. ஒரு மாசம் பூட்ஸ் போடாம விட்டா, இவ்வளவு நாள் பட்டதெல்லாம் வீண். பெறகு பெரிய ஆபரேஷன்தான்" என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்பினார்.

முதலில் ஊளையிட்டான். பழகிவிட்டான். தூக்கம் வந்தால் அவனே பூட்ஸை இழுத்துக்கொண்டு வருவான். நிற்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு ரெண்டு எட்டு வைத்தான். குதிகால் தரையில் பட்டது. அப்போது புரட்டாசி பிறந்தது.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பொய் சொல்ல வராது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதே, "பையன் நல்லவன். ஆனா தைரியம் கெடையாது" என்று சபையில் சொன்னவர். புரட்டாசி மாதம் முழுக்க விரதம் இருப்பார். சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலை என்கிற சின்ன மலையில் ஏறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார். அந்த வருஷம் விரதம் பேரனுக்காக. அவன் கால் நேராக வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் பெரிய அறை ஒன்றுதான். பெருமாள் படம் அங்கேதான். பிள்ளை தூங்குவதும் அங்கேதான். புரட்டாசி முதல் நாள் அவர் பூட்ஸை எடுத்து வெளியே வாசல் ஆணியில் மாட்டிவிட்டார்.

"விரத வீட்டுல தோலு கூடாது. மாசம் முடியட்டும், போட்டுக்கிடலாம்."

"மாமா, டாக்டரு ஒரு மாசம் விடக் கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"பெருமாளுக்கு மேல டாக்டரா?"

கால் நேராக வேண்டும் என்று விரதம். விரதத்துக்காகக் காலை நேராக்குகிற பூட்ஸ் வெளியே. இதை எந்தச் சுவரில் போய் முட்டுவது? நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகிறேன் என்று போய்விட்டார். சண்டை போட்டுப் பூட்ஸை உள்ளே கொண்டுவந்தால் மாமனார் வெளியே போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடவும் இல்லை. அவர் பட்டினி கிடக்க, நான் மறுபடியும் ஆணியில் கொண்டுபோய் மாட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் வலது கால் பெருவிரல் உள்ளே பார்க்க ஆரம்பித்தது. நடக்கும்போது குதிகால் தூக்கியது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆணியிலிருந்து பூட்ஸை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள்.

"பெரியப்பா, இதத் தோலுன்னு யாரு சொன்னா?"

மாமனார் நிமிர்ந்தார். "பின்ன என்னது?"

"ரெக்சின். இப்ப மதுரைல எல்லாம் ரெக்சின்லதான் தைக்கான். தோலுக்கு எங்க போவான்?"

"வாட அடிக்கே?"

"அது பச வாட."

"ஏத்தா, நீ வாயத் தொறந்தாப் பொய்யின்னு தெருவுக்கே தெரியும்."

"இது பொய்யில்ல."

"சூடம் அணைச்சுச் சொல்லுவியா?"

எங்கள் பக்கம் சூடம் அணைத்துச் செய்கிற சத்தியம் விளையாட்டு இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் பெற்ற பிள்ளை தலையில் விடியும் என்பார்கள். அதற்குப் பயந்தே பல திருட்டுகள் வெளியே வந்திருக்கின்றன. அவளுக்கு ஒரே மகன். சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்த்தான்.

"ஏத்துங்க" என்றாள்.

மாமனார் தட்டில் சூடத்தை வைத்துப் பெருமாள் படத்துக்கு முன்னால் ஏற்றினார். எனக்கு வாய் நிற்காது. மதுரையில் அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்துத் தைக்கச் சொன்னதே நான்தான். "அக்கா, வேண்டாம்" என்று சொல்லப் போனேன். அவள் முழங்கை என் விலாவில் ஒரு இடி இடித்தது. மூச்சு நின்றுவிட்டது. நான் குனிந்து நிமிர்வதற்குள் அவள் கை சூடத்தின் மேல் பட்டென்று இறங்கியது.

"ரெக்சின்" என்றாள்.

மாமனார் அவளைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பூட்ஸை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

குழாயடியில் அவள் கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"ஏங்க்கா, பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? பெருமாளு கேட்டிருந்தாத் தோலுன்னுதான் சொல்லியிருப்பேன். கேட்டது ஒங்க மாமனாருல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போகாமல் சிவகாசி பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்தாள். "மகன் நல்லா இருக்கானா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கான். அங்கிட்டு ஒரு விசேச வீடு. போற வழியில பாத்துட்டு வந்தேன்" என்றாள். புரட்டாசியில் ஏது விசேஷ வீடு? அந்த மாதம் முடிவதற்குள் அவளுக்கு இன்னும் ரெண்டு விசேஷ வீடு சிவகாசியில் வந்தது. அவள் மகனுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. தொண்ணூறுகளில் அவனுக்குக் கல்யாணமாகி, அவன் கூப்பிட்டு அவளும் சிவகாசிக்கே குடிபோனாள். அங்கே எத்தனை பேரிடம் என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ.

என் மகனுக்கு ஒரு கெண்டைக்கால் இப்போதும் கொஞ்சம் மெலிவு. அந்தக் காலோடுதான் பஸ் பின்னால் ஓடி ஏறுகிறான். திட்டுகிறேன், கேட்பதில்லை.

ஐப்பசியில் டாக்டரிடம் போனதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்கு மாமனாரும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். முதல் வாரத்தில் விரல் உள்ளே திரும்பியதை அவரும் பார்த்திருந்தார். அவருக்குள் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் பேரன் பாதத்தையே பிடித்துக்கொண்டு வந்தார். யாரோ கேட்டதற்கு அக்கா என்னவோ பதில் சொன்னாள். அதை அவர் காதில் வாங்கவில்லை.

டாக்டர் பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டார். அவன் மேஜைக் காலைப் பிடித்து நின்றான். பிறகு விட்டுவிட்டு மாமனாரைப் பார்த்து நடந்தான். நாங்கள் மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, குதிகாலைத்தான் பார்த்தோம். பட்டது. ரெண்டும் பட்டது. மாமனாரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம். திரும்பவே இல்ல. ஒழுங்காப் போட்டு விட்டுருக்கீங்க."

மேஜையிலிருந்த பூட்ஸை எடுத்து வளைத்துப் பார்த்தார். "தோல் நல்லா பதமா இருக்கு. ஆனா சின்னதாயிருச்சு. அடுத்த ஜோடி தைக்கணும்."

நான் அக்காவைப் பார்த்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அதற்குள் நாலு பதில் சொல்லியிருப்பாள். டாக்டரிடம் அவளுக்குப் பொய் வராது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், அது தோலு இல்ல. ரெக்சின்."

டாக்டர் சிரித்தார். "இல்லைங்க பெரியவரே. இது நல்ல மாட்டுத்தோல்."

"ரெக்சின்தான்" என்றார் மாமனார். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. "எங்க வீட்டுல நல்லா விசாரிச்சாச்சு."

டாக்டர் அவரைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, "சரிங்க, ரெக்சின்" என்று சொல்லிவிட்டு அளவு எழுதச் சீட்டை எடுத்தார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ரெண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

மாமனார் குனிந்து பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த ஜோடியையும் இதே ரெக்சின்லயே தைக்கச் சொல்லுங்க டாக்டர். வேற எதையும் வீட்டுக்குள்ள விட மாட்டேன்."